நாகையாவின் உபயக் கட்டம்

போன வருடம் கிள்ளானில் எங்கள் படிப்பகத்துக்கு வெள்ளிவிழா மலர் போட்டார்கள். வழவழவென்ற தாளில் நூறு பக்கம். தலைவர் காசிவிஸ்வநாதன் படம் மட்டும் ஆறு இடத்தில். விழாவுக்குத் தேநீர் ஊற்றியவர் பெயரைக்கூட விடவில்லை. ஆனால் முதல் நாளிலிருந்து பதினெட்டு வருடம் அந்தப் படிப்பகத்தைக் கூட்டித் துடைத்து, புத்தகத்துக்கு அட்டை போட்டு, கதவைத் திறந்து கதவைச் சாத்திய நாகையா பெயர் எந்த மூலையிலும் இல்லை. கடைசிப் பக்கம்வரை புரட்டினேன். நன்றி கெட்ட ஜென்மங்கள் என்று வாய்விட்டே திட்டினேன். அப்புறம்தான் அந்த மலருக்குப் பிழை திருத்திக் கொடுத்ததே நான்தான் என்பது உறைத்தது.

அதனால் இதை எழுதுகிறேன். என் பெயர் காமாட்சி. தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நடந்ததெல்லாம் நடந்தபோது படிப்பகத்தின் செயலாளர் நான். படிக்கும்போது என்மேல் இரக்கம் ஏதாவது வந்தால் தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள்.

நாகையா அண்ணன் 1936-இல் காப்பார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பிள்ளை பிறந்ததை அவருடைய அப்பா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியிடம் போய்ச் சொன்னாராம். எழுதிவிடுகிறேன் என்றாராம் கிராணி. எழுதவில்லை. அவ்வளவுதான் கதை. அந்த நாசமாய்ப் போன கிராணி சோம்பல்பட்டு விட்ட ஒரு வரிக்காக, ஐம்பது வயது தாண்டியும் நாகையா ஐ.சி. என்று நாங்கள் சொல்லும் அடையாள அட்டையைச் சிவப்பு நிறத்தில் வைத்துக்கொண்டு திரிந்தார். நீல ஐ.சி. வைத்திருப்பவன் இந்த நாட்டுக் குடிமகன். சிவப்பு என்றால் இருக்கலாம், உழைக்கலாம், செத்துப் போகலாம், குடிமகன் இல்லை.

"எழுதாம விட்டதுனாலதான் டீச்சர், நான் பொறக்காத ஆளாப் போயிட்டேன்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அந்த வலிதான் அவருக்கு எல்லாவற்றையும் எழுதி வைக்கும் பழக்கத்தைக் கொடுத்தது. புத்தகம் வந்தால் எழுதுவார். நாற்காலி உடைந்தால் எழுதுவார். புது நோட்டு ஒன்று கைக்கு வந்தால் முதல் வேலையாக ஒவ்வொரு பக்கத்துக்கும் தன் கையால் எண் போடுவார். எழுத்து அப்படியே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். மூன்றாம் வகுப்பு தாண்டாத கை அது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

படிப்பகம் தலைவருக்குச் சொந்தமான கடைவீட்டில் இருந்தது. பின்பக்கம் தகரம் போட்ட ஓர் ஒட்டு அறை. அதில் நாகையாவும் அவர் மனைவி சீதாலெட்சுமியும். மழை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு மூலை மாறுவார்கள். பிள்ளைகள் இல்லை. அரசாங்கத்தின் மலிவு வீடு ஒன்றுக்கு மனுப் போட வேண்டும், சொந்தக் கூரையின் கீழ் இரண்டு பேரும் காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை. அந்த மனுவின் முதல் வரியே நீல ஐ.சி. எண்ணைக் கேட்டது.

குடியுரிமைக்கு இரண்டு முறை மனுப் போட்டுத் தோற்றிருந்தார். முதல் தடவை பிறப்புப் பத்திரம் இல்லை என்றார்கள். இரண்டாவது தடவை மலாய் போதாது என்றார்கள். மனுசன் விடவில்லை. படிப்பகத்துக்கு வரும் மலாய்ப் பேப்பரைத் தினம் காலையில் கடைசிப் பக்கம் வரை சத்தமாகப் படித்தார். மரண அறிவித்தலைக்கூட விட்டுவைக்கவில்லை. மூன்றாவது மனு 1987-இல். நேர்முகத்தில் அதிகாரி சிரித்துவிட்டாராம், "பாக்சிக், பெரியவரே, நீங்க பேசறது நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு" என்று. பேச்சில் தேறிவிட்டார். கடிதம் வரும், காத்திருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த மனுவில் இரண்டு குடிமக்கள் கையெழுத்துப் போட வேண்டும்: இவரை எங்களுக்குத் தெரியும், நல்லொழுக்கமுள்ளவர், எந்த வழக்கிலும் சிக்காதவர் என்று. ஒரு கையெழுத்து தலைவருடையது. இன்னொன்று என்னுடையது.

இனி உபயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஆட்களுக்குக் கொடுக்கிற மனம் உண்டு. கொடுத்ததைப் பெயரோடு பார்க்கிற மனம் அதைவிடப் பெரிது. எங்கள் படிப்பகத்தில் குழல் விளக்கில் பெயர், சுவர்க் கடிகாரத்தில் பெயர், குப்பைத் தொட்டியில்கூட 'உபயம்' என்று போட்டு ஒரு குடும்பத்தின் பெயர். காற்றாடியின் இறக்கையில் பெயர் எழுதிக் கொடுத்த ஒருவர், ஓடும்போது பெயர் தெரியவில்லை என்று ஆண்டுக்கூட்டம் முடியும்வரை அதை நிறுத்தி வைக்கச் சொன்னார். வேர்த்து வழிந்தோம். இதையெல்லாம் நாகையா தன் பெரிய ரெஜிஸ்டரில் ஏற்றிவிடுவார். வரிசை எண், தேதி, பொருள், கடைசியில் உபயம் என்று ஒரு கட்டம். எது முதலில் வந்ததோ அது முதலில். அந்த வரிசையை அவர் யாருக்காகவும் மாற்றியதில்லை.

1988 பிப்ரவரியில் ஜவுளிக்கடை யூனுஸ் பாய் ஒரு பெரிய கலர் டி.வி.யை வேனில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். அது வியாழக்கிழமை. மறுநாள் இரும்புக்கடை தியாகராஜன் ஒரு வீடியோ டெக் கொடுத்தார். அவர் எங்கள் செயற்குழு உறுப்பினர். அந்த வாரமே சுவர்ப் பலகையில் நாகையா எழுதி மாட்டிவிட்டார்: முதலில் யூனுஸ், அடுத்து தியாகராஜன்.

பலகையைப் பார்த்த தியாகராஜன் முகம் போன போக்கை நான் நேரில் பார்த்தேன்.

"யோவ், டெக் இல்லாட்டி டி.வி. வெறும் பொட்டி லா. படம் ஓடறது எதுல? என் பேர மேல போடு."

"வரிசை எண் மாறக் கூடாதுங்க முதலாளி. வியாழக்கெழம வந்தது மேல. வெள்ளிக்கெழம வந்தது கீழ."

"நீ யாருய்யா எனக்குக் கெழம சொல்லிக் குடுக்க? செவப்பு ஐ.சி.க்குத் திமிரப் பாரு!"

நாகையா பலகையை மாற்றவில்லை. நாங்கள் எல்லாரும் சிரித்து மழுப்பிவிட்டோம். தியாகராஜனுக்கு அன்றைக்கு ஏறிய கறுவு இறங்கவே இல்லை என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்குப் படம். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். பேக்டரிப் பெண்கள், பாசார்ச் சந்தை முடிந்து கூடையோடு வரும் ஆன்டிகள், சாலாக் செலாத்தானிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு குடும்பம். நாகையா ஒரு சட்டம் போட்டிருந்தார்: ஒரு புத்தகம் எடுத்தால்தான் உட்காரப் பாய். பாதிப் பேர் எடுத்த புத்தகத்தின் மேலேயே உட்கார்ந்து படம் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் மிச்சப் பாதி படித்தது. அந்த வருடம்போல் எங்கள் புத்தகங்கள் வெளியே போய் வந்ததில்லை. வாரா வாரம் டேப்பை யாராவது கொடுப்பார்கள், மகள் பிறந்தநாள், மகன் பரீட்சை தேறியது என்று. நாகையா ரெஜிஸ்டரில் எழுதுவார்: வரிசை எண், தேதி, படத்தின் பெயர், வந்தவர் எத்தனை, உபயம் யார்.

ஒவ்வொரு டேப்பும் ஓடத் தொடங்கும்போது ஆங்கிலத்திலும் மலாயிலும் ஓர் எச்சரிக்கை வரும். நாங்கள் அந்த நேரத்தில்தான் இடம் பிடிப்போம், கச்சான் கடலைப் பொட்டலம் பிரிப்போம். மலாயில் எதைக் கண்டாலும் படிக்கிற நாகையா அதையும் படித்துவிட்டார். மூன்றாவது வாரமே செயற்குழுக் கூட்டத்துக்கு வந்து நின்றார்.

"தலைவரே, அந்த டேப்பு வீட்ல பாக்க மட்டுந்தான்னு போட்டிருக்கு. பொது எடத்துல போட்டுக் காட்டணும்னா கம்பெனி தனியா அனுமதி குடுக்கணுமாம். நாம கேக்கலியே?"

தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நாம என்னா டிக்கட்டா விக்கிறோம் நாகையா? பைசா வாங்காமக் காட்டறது புண்ணியம்யா. புண்ணியத்துக்கு எவன்கிட்ட பெர்மிட் வாங்கணும்?"

"நான் ஒரு லெட்டர் எழுதியாந்திருக்கேன். கோலாலம்பூர்ல டேப்பு விக்கிற கம்பெனிக்கு. அனுப்பிறலாங்களா?"

மலாயில், அந்த அச்சுப் போன்ற கையெழுத்தில், ஒரு பக்கக் கடிதம். ஞாயிறுதோறும் இலவசமாகப் படம் காட்டுகிறோம், பொதுத் திரையிடலுக்குத் தங்கள் அனுமதியைப் பணிவோடு வேண்டுகிறோம் என்று.

"கேக்கப் போனாத்தான் சிக்கல் லா" என்றார் தியாகராஜன். "டீச்சர்கிட்ட குடுத்துட்டுப் போ, பாத்துக்கலாம்" என்றார் தலைவர். நான் கூட்டக் குறிப்பில் நேர்மையாகத்தான் எழுதினேன்: அனுமதி கேட்க வேண்டும் என்று நாகையா கூறினார், கடிதம் இணைக்கப்பட்டுள்ளது, தேவையில்லை என்று தலைவர் முடிவு செய்தார். கடிதத்தை அந்தப் பக்கத்தோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தேன். நாகையா எண் போட்ட அறுபத்தொன்றாம் பக்கம் அது.

நவம்பரில் ஒரு ஞாயிறு. முப்பத்தெட்டாவது படம் ஓடிக்கொண்டிருந்தது. பூப்போட்ட பாத்தேக் சட்டை அணிந்த ஒரு மலாய்க்கார அதிகாரி உள்ளே வந்தார், கூட ஒரு தமிழர். படிப்பகத்துக்கு மானியம் கொடுப்பதற்காக யாரோ பார்க்க வருவார்கள் என்று தலைவர் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாகையா அதுதான் இது என்று முடிவு கட்டிவிட்டார். ஓடிப்போய் நாற்காலி போட்டார். சீதாலெட்சுமி அக்கா தேநீரும் வறுத்த வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தார். அதிகாரி சாப்பிட்டுக்கொண்டே கால் மணி நேரம் படம் பார்த்தார்.

பிறகு மலாயில் கேட்டார், "இது வாரா வாரம் நடக்குதா?"

நாகையாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மானியம் கொடுக்க வந்தவரிடம் கணக்காக இருப்பதைக் காட்ட வேண்டாமா? ரெஜிஸ்டரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, பக்கத்தைப் பிரித்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் காட்டினார். இந்தத் தேதி இந்தப் படம், இத்தனை பேர், இவர் உபயம். அட கடவுளே, ஒன்றுவிடாமல் காட்டினார். நான் அடுத்த அறையில் பள்ளி நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குக் கேட்டது.

"இதற்கெல்லாம் யார் பொறுப்பு?" என்றார் அதிகாரி.

"நான்தான்" என்றார் நாகையா.

அதிகாரி, தான் அமலாக்க அதிகாரி என்ற அட்டையை எடுத்து நீட்டினார். புதிய காப்புரிமைச் சட்டம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்படி ஒன்று வந்ததே எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கூட வந்த தமிழர் டேப்புக் கம்பெனியின் ஆள். அவர்தான் தமிழில் விளக்கினார்: டேப்பை வாங்கினவர் வீட்டில் பார்க்கலாம், பொது இடத்தில் காட்டும் உரிமை தனி, அது கம்பெனியிடம் இருக்கிறது, டிக்கட் விற்றாலும் விற்காவிட்டாலும் ஒன்றுதான். எங்களுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது, அதை வைத்துத்தான் வந்தோம் என்றார். டி.வி., டெக், டேப்புகள், ரெஜிஸ்டர் எல்லாவற்றையும் வேனில் ஏற்றினார்கள். கூட்டம் செருப்பைத் தேடிக்கொண்டு ஓடியது. ஓர் ஆன்டி மட்டும் திரும்பி வந்து கேட்டார், "அங்கிள், மிச்சப் படம் அடுத்த வாரமா?"

மறுநாள் காலை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுப் படிப்பகத்துக்குப் போனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. தலைவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகத்தான் போனேன். நான் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள். சட்டத்துக்குப் புறம்பானது என்று தெரிந்தே செய்தோம் என்று என் கையெழுத்திலேயே ஒரு பக்கம் இருக்கிறது. அலமாரியைத் திறந்து, குறிப்பு நோட்டை எடுத்து, அறுபத்தொன்றாம் பக்கத்தைக் கடிதத்தோடு கிழித்துக் கைப்பைக்குள் வைத்தேன். திரும்பினால் நாகையா துடைப்பத்தோடு நிற்கிறார்.

அவர் என் கையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். "டீ போடச் சொல்லட்டுங்களா டீச்சர்?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். த்தூ என்று அவர் துப்பியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அன்று மாலைக்குள் உபயக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பலகையில் பெயரை அழிக்கச் சொன்னார்கள். தன் மகள் பிறந்தநாளுக்குப் படம் கொடுத்து எல்லாருக்கும் கேக் வெட்டிய ஒருவன், தான் படமே கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்தான் என்றால் பாருங்களேன். யூனுஸ் பாய் ஒருவர்தான், "எம் பேரு இருக்கட்டும் லா நாகையா. டி.வி. குடுத்தது நாந்தானே? எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்" என்றார். ஆனால் அவர் செயற்குழுவில் இல்லை. அனுமதி கேட்ட கதை அவருக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை மாலை தலைவர் வீட்டில் கூடினோம். ஒரு வாக்குமூலத்தை நான் மலாயில் டைப் அடித்துக் கொண்டுபோயிருந்தேன். தலைவர் போனில் சொன்னபடி அடித்தது. திரையிடல் அனைத்தும் நாகையா தன் விருப்பப்படி செய்தது, செயற்குழுவுக்கு எதுவும் தெரியாது என்று. நாகையாவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி அதைக் கொடுத்தோம். உட்காரச் சொல்லவில்லை. அவர் கடைசி வரி வரை படித்தார். மலாய் கற்றுக்கொண்டது அவருக்கு எதற்கெல்லாம் பயன்பட்டது பாருங்கள்.

"செயற்குழுவுக்குத் தெரியாதுன்னு போட்டிருக்குங்களே" என்றார்.

"தெரியும்னு சொன்னா சங்கத்துப் பதிவ ரத்து பண்ணிருவான்யா" என்றார் தலைவர். "படிப்பகமே போயிரும். நீ படுக்கிற ரூமும் போயிரும்."

"நான் அப்பவே லெட்டர் எழுதிக் குடுத்தேனுங்க."

"எந்த லெட்டரு?" என்றார் தியாகராஜன். "மினிட்ஸ்ல இருக்கா? டீச்சர், இருக்கா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"பாத்தியா? எனக்குக் கட இருக்கு. டீச்சருக்குப் பென்சன் இருக்கு. தலைவருக்குப் பேரு இருக்கு. ஒனக்கு என்னாய்யா இருக்கு போறதுக்கு?"

"எனக்கு ஐ.சி. மனு இருக்குங்க முதலாளி."

தியாகராஜன் வாய்விட்டுச் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. அவர் இன்னும் கெட்டிக்காரர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார், "அந்த மனுவுல ஒனக்காக நான் கையெழுத்துப் போட்டிருக்கேன் நாகையா. டீச்சரும் போட்டிருக்காங்க. எங்களுக்கு நீ ஒரு கையெழுத்துப் போட யோசிச்சா, அந்த ரெண்டு கையெழுத்தையும் நாங்க வாபஸ் வாங்க வேண்டியதுதான். இது சின்ன கேஸு. அபராதத்தோட முடிஞ்சிரும்."

நாகையா என் பக்கம் திரும்பினார். அந்த அறையில் அவர் நம்பியது என்னைத்தான். "இதுல எம் பேரு வந்தா ஐ.சி.க்கு ஒண்ணும் வராதுங்களே டீச்சர்?"

எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்வது எங்கள் வேலையில் கைவந்த கலை. "வராதுண்ணே, பயப்படாமப் போடுங்க" என்றேன்.

போட்டார். கீழே தேதியும் போட்டார். அவர் தேதி போடாமல் எதையும் விடுவதில்லை.

வழக்கு ஜனவரியில் வந்தது. கோர்ட்டில் மேசைமேல் அந்த ரெஜிஸ்டரை விரித்து வைத்து, முப்பத்தெட்டு வரிகளையும் படித்தார்கள். எழுத்து நன்றாக இருந்ததால் ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. நாகையா குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டபோது இல்லை என்றார். கம்பெனி ஆள் எழுந்து சொன்னார், "இதுபோன்ற படிப்பகங்கள் எழுதிக் கேட்டால் நாங்கள் அனுமதி கொடுக்கிறோம். பெரிய கட்டணம்கூடக் கிடையாது. இவர்கள் ஒரு கடிதம் போட்டிருந்தால் போதும்."

நாகையா கூண்டிலிருந்து என்னைப் பார்த்தார். நான் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடிதம் என் மடியில் கைப்பைக்குள் இருந்தது. வீட்டில் வைத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று இரண்டு மாதமாகக் கூடவே தூக்கிக்கொண்டு அலைந்தேன். எழுந்து நின்று அதைக் கொடுத்திருக்கலாம். பத்தடி தூரம்கூட இல்லை. நான் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

தண்டனை அபராதம்தான். கட்டியது யூனுஸ் பாய். தலைவர் சொன்னபடி சின்ன கேஸாகவே முடிந்தது. ஆனால் குற்றவாளி என்று ஒரு பதிவு விழுந்தது. பிறந்ததைப் பதிய ஆள் கிடைக்காத மனிதருக்கு அதை மட்டும் அன்றைக்கே தவறாமல் பதிந்துவிட்டார்கள்.

மொட்டைக் கடிதம் போட்டது யார் என்று மார்ச்சில் தெரிந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணப் பந்தியில் தியாகராஜன் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இலைக்காரரிடம், "எம் பேர மேல போடச் சொன்னேன், வரிசை எண்ணுன்னான். போட்டேன் ஒரு லெட்டரு. டெக்கு போனாப் போவுது லா, நம்ம சம்பந்தி அந்தக் கம்பெனிலதான் இருக்காரு, எம் மேல வராமப் பாத்துக்கிட்டாரு" என்று அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார். எனக்குக் கேட்கும் என்று தெரிந்தேதான் சொன்னார். கேட்டுவிட்டு நான் என்ன செய்வேன் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பாயசம் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அந்த மாதமே செயற்குழு கூடி, வழக்கில் தண்டனை பெற்றவர் படிப்பகத்தில் இருப்பது நிர்வாகத்துக்கு அழகில்லை என்று தீர்மானம் போட்டது. ஏப்ரல் கடைசிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். முன்மொழிந்தவர் தியாகராஜன். எழுதியது நான். இந்தத் தடவை பக்கம் கிழியாமல் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

அவர்கள் கிளம்புகிற நாளன்று நாகையா ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். பூச்சோங்கில் சீதாலெட்சுமி அக்காவின் உறவுக்காரர்கள் இருந்த கம்பத்துக் கிராமத்தில் ஒரு பலகை வீடு பார்த்திருந்தார்கள். அக்கா சட்டி பானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து வா என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை.

நாகையா ஒரு பழுப்பு உறையை என்னிடம் நீட்டினார். குடியுரிமை இலாகாவிலிருந்து வந்தது. உறை ஏற்கெனவே பிரிந்திருந்தது.

"படிங்க டீச்சர்."

"நீங்களே படிச்சிருப்பீங்களேண்ணே."

"படிச்சிட்டேன். நீங்க சத்தமாப் படிங்க. ஒங்க வாயால கேக்கணும்."

படித்தேன். மூன்று வரிதான். குடியுரிமை மனு நிராகரிக்கப்பட்டது, வருந்துகிறோம். காரணம் எதுவும் எழுதவில்லை. குரல் உடைந்தால் அதுவே ஒரு நாடகம் ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படித்து முடித்தேன். அக்கா சாக்கின் வாயை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"இனிமே மனுப் போட முடியாதாண்ணே?" என்று கேட்டேன்.

"அம்பத்தி மூணு ஆச்சு டீச்சர். இனிமே யாரு எனக்குக் கையெழுத்துப் போடுவா?"

பிறகு ரெஜிஸ்டரை எடுத்து மேசையில் வைத்தார். வழக்கு முடிந்து திரும்பி வந்திருந்தது. அட்டையில் கோர்ட்டின் சீட்டு ஒட்டியிருந்தது. கடைசியாக எழுதிய வரிக்கு அடுத்த வரிசை எண்ணைப் போட்டார். தேதி போட்டார். பொருள் என்ற இடத்தில், 'நாகையாவின் மனு நிராகரித்த கடிதம், ஒன்று' என்று எழுதினார். உபயக் கட்டத்துக்கு வந்ததும் நிறுத்திப் பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"இத நீங்க எழுதுங்க டீச்சர். புதுசா வர்ற ஆளுக்கு வரிசை தப்பாம இருக்கணும்."

அப்போதுகூட, அந்த நேரத்தில்கூட, என் புத்தி எப்படி வேலை செய்தது என்று சொல்லிவிடுகிறேன். காசிவிஸ்வநாதன் என்று எழுதினேன். அதன் கீழே தியாகராஜன் என்று எழுதினேன். மூன்றாவதாக என் பெயரை எழுதப் போனேன்.

நாகையா விரலை வைத்துத் தடுத்தார்.

"மொதல்ல நீங்க. நீங்க திங்கக்கெழம காலையில. அவங்க ரெண்டு பேரும் செவ்வாக்கெழமதான்."

மொட்டைக் கடிதம் அதற்கும் முன்னால் போட்டது, தியாகராஜன்தான் முதல் ஆள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு பண்ணதும் தெரியும் டீச்சர். அவரு எனக்கு எப்பவும் ஆகாதவரு, அது கணக்குல வராது. நான் நம்ம ஆளுன்னு நெனச்சவங்கள்ல மொதல்ல நீங்க."

எழுதிய இரண்டு பெயரையும் அடித்துவிட்டு, மேலே காமாட்சி என்று எழுதினேன். அவர் குனிந்து சரி பார்த்தார். மை காயும்வரை பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தார். வெளியே லோரிக்காரன் ஹாரன் அடித்தான். அக்கா பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.